சட்டி ஒன்று, விலை பல

டெல்டாவில் பொழுது சாய்ந்ததும் ஊருக்கு ஊர் ஒரே சத்தம் கேட்கிறது. இரும்புச் சட்டியின் விளிம்பில் கரண்டி தட்டுகிற சத்தம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி, மன்னார்குடி தேரடியில், பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வாசலில், ரயில்வே கேட் போட்டால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் நீடாமங்கலத்தில் கூட ஒரு பாஸ்ட் புட் வண்டி நிற்கிறது. நான்கு சக்கரம், இரண்டு அடுப்பு, ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் சிவப்பாக மசாலா தடவிய கோழித் துண்டுகள். வெந்து ஆறிய சோறு பெரிய பேசினில் உதிரி உதிரியாகக் கிடக்கும். அட்டைக்கு மேல் அட்டையாக முட்டை. இதையெல்லாம் தாண்டி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பிளெக்ஸ் பலகை.

சின்னக் கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் கண் முதலில் விலைப் பலகைக்குத்தான் போகும். நான் வழக்கமாகச் சாப்பிடும் வண்டியில் முட்டை ரைஸ் ஹாப் 50, புல் 80. சிக்கன் ரைஸ் ஹாப் 70, புல் 110. அதற்குக் கீழே நூடுல்ஸ், சில்லி சிக்கன், கோபி, கலக்கி, ஆப்பாயில். ஒரே சட்டி, ஒரே சோறு, ஒரே கை. ஆனாலும் இருபது ரூபாய்க்குக் கலக்கி மட்டும் தின்றுவிட்டுப் போகிறவரும் உண்டு. புல் சிக்கன் ரைஸும் சில்லியும் வாங்கி முந்நூறு ரூபாய் நீட்டுகிறவரும் உண்டு. பல மாதிரி ஆட்களிடம் பல மாதிரி காசு வாங்குவது வியாபாரத்தின் ஆதி வித்தை. அதில் எது நியாயம், எது அநியாயம் என்பது எனக்கு நெடுநாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். இந்தப் பலகையை வைத்தே அதை எழுதிப் பார்க்கிறேன்.

இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு பெருகின என்று கேட்டால் பொதுவாக ருசி, விளம்பரம், சினிமா என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கையில் புழங்கும் ரொக்கம் என்று படுகிறது. டெல்டாவில் வயல் கூலி நெடுங்காலம் நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. மரக்கால் கணக்கில் கூலி வாங்கி, அதைக் குத்திச் சோறாக்கித் தின்ற குடும்பத்துக்குக் கடையில் போய்ச் சாப்பிடக் கையில் காசு ஏது? அந்த நெல்லையும் கூடுதலாகக் கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். கூலி ரூபாயாக மாறியது, பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ப் பணம் அனுப்பியது, வல்லத்தைச் சுற்றிக் கல்லூரிகள் எழும்பியது, நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்கியது எல்லாம் சேர்ந்து, சாயங்காலம் எழுபது ரூபாயோடு தெருவில் நிற்கும் ஒரு புது வாடிக்கையாளரை உண்டாக்கின. வண்டி அவருக்காக வந்தது.

இன்னொரு காரணம் உண்டு. அதை நம் ஊரில் அவ்வளவாக வாய்விட்டுப் பேசுவதில்லை. டெல்டாவின் பழைய சாப்பாட்டுக் கடைகளிலும் டீக்கடைகளிலும் வாடிக்கையாளர்களை வகை பிரிப்பது காசை வைத்து நடக்கவில்லை, சாதியை வைத்து நடந்தது. பெஞ்சில் உட்காருகிறவருக்குக் கண்ணாடி கிளாஸ்; வாசலுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்காருகிறவருக்கு இரட்டைக் குவளையின் இன்னொரு குவளை, குடித்ததும் அவரே கழுவி வைத்துவிட்டுப் போகவேண்டும். இரண்டு பேரும் கொடுத்தது அதே காசு. கடை, ஓட்டல், பொது உணவகம் எதிலும் சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு 1950இலேயே எழுதிவிட்டது. ஆனால் எழுத்து கடைப் பெஞ்சுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. என் அப்பா தலைமுறையில் கிராமத்திலிருந்து டவுனுக்கு வந்தாலும் எந்தக் கடையில் உட்காரலாம், எந்தக் கடையில் நின்றுகொள்ள வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

பாஸ்ட் புட் வண்டியில் பெஞ்சே கிடையாது. எல்லோரும் நிற்கிறார்கள். எல்லோருக்கும் பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் ஒரு பேப்பர் இலை. கழுவுகிற வேலையும் இல்லை, யார் தின்ற தட்டு என்ற கேள்வியும் இல்லை. மாஸ்டருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: "ஹாப்பா, புல்லா?" டெல்டாவின் சாலையோரத்தில் இந்தக் கேள்வி மட்டுமே கேட்கப்படுகிற ஒரு சாப்பாட்டுக் கடை வந்ததைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. எண்ணெய், சாயப்பொடி, அஜினோமோட்டோ பற்றிய கவலைகள் நியாயமானவை. அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் 'அந்தக் காலத்து மணக்க மணக்க ஓட்டல் சாப்பாடு' என்று ஏங்குகிறவர்கள், அந்த ஓட்டலுக்குள் யாரெல்லாம் தயக்கமில்லாமல் நுழைய முடிந்தது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

இப்போது பலகைக்கு வருகிறேன். புல் 110 என்றால் ஹாப் 55 அல்லவா இருக்கவேண்டும், ஏன் 70? எனக்குப் பழக்கமான மாஸ்டர் ஒருவர், திருவையாறு பக்கத்துக்காரர், சென்னையில் பல ஓட்டல்களில் சட்டி பிடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வண்டி போட்டவர். அவரிடம் இதைக் கேட்டேன்.

"ஹாப் போட்டாலும் புல் போட்டாலும் சட்டி ஏத்தி எறக்குறது ஒண்ணுதான் தம்பி. அதே கேஸு, அதே கை வலி, அதே நேரம். சோறும் கறியும் மட்டுந்தான் பாதி. அப்புறம் வெலையை மட்டும் எப்படிப் பாதியாக்குறது?"

கணக்கு சுத்தமாக இருக்கிறது. அடுப்பு இரண்டுதான். எட்டு மணிக்குக் கூட்டம் நெருக்கும்போது ஒரு ஹாப் பிளேட் ஓர் அடுப்பை எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரத்தைத்தான் புல் பிளேட்டும் பிடிக்கும். வாய்க்கு வாய் கணக்குப் பார்த்தால் ஹாப் வாங்குகிறவர், அதாவது பெரும்பாலும் கையில் காசு குறைந்தவர், அதிகம் கொடுக்கிறார். அது எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஹாப் என்று ஒன்று இல்லாவிட்டால் அவர் வண்டிக்கே வந்திருக்க மாட்டார். 110 ரூபாயை ஒரே வேளைக்கு எடுக்க முடியாதவருக்கும் அதே சட்டியின் ருசியை 70 ரூபாய்க்குத் தருகிற கதவு அது. நம் பக்கத்துக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றதும், அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் அதே வழியில் சிக் ஷாம்பூவைத் தொடங்கியதும் இந்தக் கதவைத் திறந்துதான். பாட்டில் வாங்க முடியாத வீட்டிலும் ஷாம்பூ நுழைந்தது.

ஹாப், புல் கணக்கில் மாஸ்டருக்கு ஊர்ப் பஞ்சாங்கமும் தெரியும். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு ஓடும்போது ஒரு மாதிரி, ஐப்பசி கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் கிடக்கும்போது ஒரு மாதிரி, தை மாசியில் சம்பா அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியபின் ஒரு மாதிரி. மழை மாதத்தில் ஹாப்பும் கலக்கியும் ஓடும். மாசியில் புல்லும் லாலிபாப்பும் ஓடும், வீட்டுக்குப் பார்சலும் கட்டுவார்கள். பருவத்துக்குத் தக்கபடி விலை மாறுவதே இல்லை. ஆள் அன்றைக்கு எந்த வரியில் கை வைக்கிறார் என்பதுதான் மாறுகிறது.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான பாடம் ஒன்றைக் கற்றார்கள். டேவிட் வாலர்ஸ்டீன் என்பவர் சினிமா தியேட்டர்களை நடத்தியவர். பாப்கார்ன் விற்பனையைக் கூட்ட என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு பொட்டலம் முடிந்து இன்னும் பசித்தாலும் யாரும் இரண்டாவது வாங்குவதில்லை. நாலு பேர் பார்க்கத் தின்னிப் பண்டாரமாகத் தெரிந்துவிடுவோம் என்ற வெட்கம். ஆகவே பொட்டலத்தையே பெரிதாக்கினார். விற்பனை எகிறியது. பின்னாளில் அவர் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்து உருளைக்கிழங்கு வறுவலுக்கும் பெரிய அளவு போடச் சொன்னபோது, நிறுவனத்தை வளர்த்த ரே கிராக், வேண்டுமென்றால் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்ளட்டுமே என்றாராம். கடைசியில் வாலர்ஸ்டீன் சொன்னதே நடந்தது. பெரிய அளவில் கூடுதலாகப் போகும் கிழங்குக்கு ஆகும் செலவு கொஞ்சம், கூடுதலாக வரும் காசு அதிகம்.

நம் பிள்ளைகள் அந்த வித்தையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். கல்லூரிப் பையன்கள் இருவர் வருவார்கள். "மாஸ்டர், ஒரு புல்லு, ரெண்டு தட்டு." இரண்டு ஹாப் என்றால் 140, இப்படி வாங்கினால் 110. மாஸ்டருக்கு முப்பது ரூபாய் நட்டம். அவர் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. இரண்டு தட்டிலும் வெங்காயமும் சாஸும் தனித்தனியாக வைத்துக் கொடுப்பார். அடுப்பு ஒரு முறைதானே எரிந்தது, அதில் அவருக்கு மிச்சம். விலையில் உள்ள ஓட்டையை வாடிக்கையாளர் கண்டுபிடித்து நுழைய முடிவதும், கடைக்காரர் அதைத் தெரிந்தே விட்டுவைப்பதும் நல்ல பலகைக்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

பொருளாதாரத்தில் இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆர்தர் பிகு என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் 1920இல் மூன்று வகையாகப் பிரித்தார். ஒவ்வொருவரிடமும் அவரால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவையும் கறந்துவிடுவது முதல் வகை. ஹாப், புல் போலப் படிகளை வைத்துவிட்டு ஆளைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடுவதை இரண்டாவதாகச் சொல்லலாம். மாணவர், முதியவர், உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்து விலை வைப்பது மூன்றாவது. மாமல்லபுரத்தில் நமக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கட்டணமும் வாங்குகிறார்களே, அது.

பிகுவுக்கு முன்னாலேயே, 1849இல், பிரான்சில் ஜூல் துய்புய் என்ற பொறியாளர் எழுதியதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டிருந்தார்கள். கூரைக்கு ஆகும் சில ஆயிரம் பிராங்க் கம்பெனிக்குப் பெரிதில்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் இருக்கத்தான் அப்படி என்றார் துய்புய். பணக்காரரை மிரட்டுவதற்காக ஏழையை நனைய விட்டார்கள்.

நம்மூரில் துய்புய் சொன்ன கூரை ஏசி ஹாலில் இருக்கிறது. அதே சாம்பார், அதே தோசை; கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் வேறு விலை. இதில் வரியும் சேர்ந்து கூத்தடித்தது. 2013 ஏப்ரலிலிருந்து ஏசி உள்ள உணவகங்களுக்கு எல்லாம் சேவை வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதம், ஏசி இருந்தால் 18. அதே ஆண்டு நவம்பரில் இரண்டையும் 5 சதவீதமாக்கினார்கள். வரி ஒன்றானபின் ஏசி ஹால் விலை குறைந்ததா என்றால், என் கணக்குப் புத்தகங்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இல்லை. குளிரில் உட்காரக் காசு தரத் தயாராக இருக்கிறவர்கள் இருக்கும்வரை அது குறையாது. இதில் எனக்கு வருத்தமும் இல்லை. வெளி ஹாலில் மின்விசிறி ஓடவேண்டும், மேசையைத் துடைத்து வைக்கவேண்டும், சாம்பார் கேட்டால் இரண்டாம் முறையும் ஊற்றவேண்டும். அவ்வளவு செய்தால் போதும். வெளி ஹாலை வேண்டுமென்றே நாறவிட்டு ஆளை உள்ளே துரத்துகிற ஓட்டல்களும் இருக்கின்றன. கூரையைப் பிடுங்குகிற வேலை அது.

ஆளுக்கொரு விலை என்பதை வியாபாரிகள் மட்டுமே செய்வதாக நினைக்கவேண்டாம். வண்டியின் அடியில் இருக்கும் சிலிண்டரைப் பாருங்கள். வீட்டுக்கு 14.2 கிலோ, கடைக்கு 19 கிலோ. உள்ளே இருக்கும் வாயு ஒன்றுதான். வீட்டுச் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கடைச் சிலிண்டருக்கு 18. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் மாஸ்டர் கொடுப்பது நம் அம்மாக்கள் கொடுப்பதைவிட அதிகம். வயலில் ஓடும் மோட்டாருக்குத் தமிழ்நாட்டில் 1990 முதல் கரண்ட் இலவசம், வீட்டுக்கு 2016 முதல் நூறு யூனிட் இலவசம், கடைக்கு வேறு கட்டணம். அரிசி அட்டைக்கு 2011 முதல் விலையில்லா அரிசி. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. சாயங்காலம் வண்டிக்கு முன்னால் நிற்கும் பெண்களின் கூட்டம் அதன்பிறகு கூடியிருப்பதாக மாஸ்டர் சொல்கிறார், நானும் பார்க்கிறேன். டெல்டாக்காரர் காலை முதல் இரவு வரை இந்த விலை வித்தியாசங்களுக்குள்தான் வாழ்கிறார். யாருக்கு என்ன விலை என்பது வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருப்பதால் இவற்றை நாம் ஏற்றுக்கொள்கிறோம், பிடிக்காவிட்டால் தேர்தலில் சண்டை போடுகிறோம்.

பெரிய கம்பெனிக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேஎப்சி 1995இல் பெங்களூருக்கு வந்தது, மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லிக்கு. முதலில் அது காசுள்ளவர்களின் இடமாகத்தான் இருந்தது. 2004இல் மெக்டொனால்ட்ஸ் இருபது ரூபாய் மெனு போட்டபிறகுதான் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் உள்ளே போனார்கள். இப்போது திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பீட்சாக் கடையில் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். அங்கே கூப்பன்தான் வித்தை. பத்து நிமிடம் போனில் தேடி கூப்பன் எண்ணைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு விலை, தேட நேரமோ பொறுமையோ இல்லாதவருக்கு இன்னொன்று. தேடுகிறவருக்குக் காசு முக்கியம் என்று கடைக்குத் தெரிந்துவிடுகிறது. இதுவும் ஹாப், புல் வகைதான் என்று விட்டுவிடலாம். ஆனால் வயதானவர்கள் கூப்பன் தெரியாமல் முழு விலை கொடுத்துவிட்டு வருவதைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை.

மனம் கொதிக்கிற இடம் வேறொன்று இருக்கிறது. டெல்டாவிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போகிற எவருக்கும் அது தெரியும். நடுராத்திரியில் விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கேயோ பஸ் நின்று, பக்கவாட்டுத் தகரத்தில் படபடவென்று தட்டி எழுப்புவார்கள். சுற்றிலும் இருட்டு. வேறு கடை இல்லை. அந்த மோட்டலில் ஆறிப்போன பரோட்டா, தண்ணீராய் ஓடும் சால்னா, ஊரில் கொடுப்பதைப்போல இரண்டு பங்கு விலை. நான் போன ஓர் இடத்தில் பலகையே இல்லை. தின்று முடித்தபின்தான் கணக்கு சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் ஐந்து ரூபாய். கேட்டால், "இஷ்டம்னா வாங்கு." அதே நேரத்தில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள் அறையில் சூடாகச் சாப்பாடு, காசு கிடையாது. பஸ்ஸை அங்கே நிறுத்துகிறவர் அவர்; ஆகவே அவருக்குப் பூஜ்யம் விலை, அவர் கொண்டுவந்து இறக்கிய நாற்பது பேர் தலையில் அந்தச் சாப்பாட்டின் விலை. அங்கே சமையலில் யாரும் அக்கறை காட்டவேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் அடுத்த முறையும் பயணியைக் கேட்டு பஸ் நிற்கப்போவதில்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு எம்ஆர்பி அச்சடிப்பதை 2018 ஜனவரி 1 முதல் தடுத்துவிட்டார்கள். உணவகத்தில் உட்காரவைத்துப் பரிமாறுகிறபோது பாட்டில் தண்ணீருக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது உண்மை. அந்தச் சலுகை மேசை, நாற்காலி, பணியாளர், இடவசதி ஆகியவற்றுக்கானது. கவுண்டரில் நின்று பாட்டிலை எடுத்து நீட்டுகிறவருக்கு அது பொருந்தாது. கைக்குழந்தையோடு பயணம் போகிற ஒரு தாய் நடுராத்திரியில் பாலுக்குச் சொன்ன விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பது தெரிந்தே வைக்கப்படும் விலையைத் திருட்டு என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

ஆபத்து நேரத்து விலையையும் டெல்டா நன்றாகப் பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னை சாய்ந்து கிடந்தது. கரண்ட் வரப் பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் கொண்டுவந்தவர்கள் கேட்ட காசு, மெழுகுவர்த்தியின் விலை, போன் சார்ஜ் போடக் கொடுத்த காசு எல்லாம் இன்றைக்கும் அந்தப் பக்கத்து மக்கள் வாயில் இருக்கிறது. பழைய விலைக்கே டீ போட்டுக் கொடுத்தவர் யார் என்பதும் இருக்கிறது. தேவை கூடினால் விலை கூடும் என்று பாடப்புத்தகம் சொல்லலாம். கானெமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1986இல் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள்: பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் பதினைந்து டாலர் விலையுள்ள, பனி அள்ளும் வாரியை ஒரு கடைக்காரர் இருபது டாலராக்கினால் அது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கனடாவில் கேட்ட கேள்விக்குப் பேராவூரணியிலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் கை சுட்டுக்கொண்டிருக்கின்றன. வெயில் கூடக்கூடத் தானாக விலையை ஏற்றும் இயந்திரம் பற்றி 1999இல் கோக கோலாவின் தலைவர் டக்ளஸ் ஐவெஸ்டர் வாய்விட்டார். உலகமே திட்டித் தீர்த்தது. அமெரிக்காவின் வெண்டீஸ் பர்கர் கம்பெனி 2024 பிப்ரவரியில் நேரத்துக்குத் தக்க விலையைச் சோதிக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வெடித்ததும் கூட்ட நேரத்தில் விலை ஏற்ற மாட்டோம் என்று விளக்கம் கொடுத்தது. சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் ஜூஸ் விலை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று என்று பலகை மாறினால் நாம் சும்மா இருப்போமா?

அப்படிப்பட்ட பலகை இப்போது நம் பைக்குள் இருக்கிறது. மாஸ்டரின் அக்கா மகன் போன வருஷம் வண்டியை உணவு டெலிவரி ஆப்பில் சேர்த்துவிட்டான். அதில் அவருடைய சிக்கன் ரைஸ் புல் 110 இல்லை, 145. மாஸ்டர் பேராசைக்காரர் ஆகிவிடவில்லை. ஒவ்வொரு ஆர்டரிலும் ஆப் கம்பெனி கமிஷன் பிடித்துக்கொள்கிறது; பிடித்தது போக அவர் கைக்குப் பழைய 110 வரவேண்டுமென்றால் அங்கே 145 போட்டாக வேண்டும். அதற்கு மேல் டெலிவரிக் கட்டணம். அதற்கு மேல் ஆப்பைப் பயன்படுத்துவதற்கென்று 2023இல் இரண்டு ரூபாயாகத் தொடங்கிய 'பிளாட்பார்ம்' கட்டணம், இப்போது பல மடங்கு. அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்கிற வண்டிக்கு ஜிஎஸ்டி பதிவே வேண்டாம், நேரில் சாப்பிட்டால் வரி இல்லை. ஆனால் 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு வரியை ஆப் கம்பெனியே வசூலித்துக் கட்டவேண்டும் என்று சட்டம். ஆகவே அதே வண்டியின் அதே சோற்றுக்குத் திரையில் 5 சதவீதம் ஏறுகிறது. இவ்வளவும் சேர்ந்து வீட்டுக்கு வரும்போது ஏறக்குறைய இருமடங்கு.

மழையில் நனையாமல் வீட்டில் உட்கார்ந்து தின்ன இந்தக் காசைக் கொடுக்க மனமுள்ளவர் கொடுக்கட்டும். சைக்கிளிலும் பைக்கிலும் கொண்டுவருகிற பையன்களுக்குக் கூலி வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. நானும் என் தங்கையும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே கடையை எங்கள் இரண்டு போன்களிலும் திறந்து பார்த்தோம். அவளுக்குத் தள்ளுபடி காட்டியது, எனக்குக் காட்டவில்லை. டெலிவரிக் கட்டணமும் வேறாக இருந்தது. நான் தவறாமல் ஆர்டர் போடுகிறவன். எனக்குத் தள்ளுபடி தராவிட்டாலும் வாங்குவேன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அவள் எப்போதாவது போடுகிறவள், ஆகவே இழுக்கவேண்டும். பிகு சொன்ன முதல் வகைக்கு இவ்வளவு பக்கத்தில் நம் ஊர்ச் சாப்பாடு வந்ததே இல்லை. மாஸ்டருக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும், என் சம்பாத்தியம் கூடத் தோராயமாகத் தெரியும். ஆனாலும் பலகையில் இருப்பதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்தே இராத திரை என் பழக்கத்தைப் பார்த்து விலை சொல்கிறது. ஆளைப் பார்த்து விலை சொல்வதை நம் சந்தைகளில் யாரும் மதித்ததில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஆப் திரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கடையின் பலகை விலையை முதலில் போடவேண்டும். அடுத்த வரியில் கமிஷனுக்காக ஏற்றியது எவ்வளவு என்று போடவேண்டும். கட்டணங்களும் வரியும் அதற்குக் கீழே தனித்தனியாக. தள்ளுபடி இருந்தால் யாருக்கு, எதனால் என்று ஒரு வரி. நெடுஞ்சாலை மோட்டல்களுக்கும் இதே விதி: அரசுப் பேருந்தோ தனியார் பேருந்தோ, நிற்கவேண்டுமென்றால் ஆள் உயரப் பலகையில் விலை எழுதி வாசலில் வைத்திருக்கவேண்டும், பஸ்ஸுக்குள் இருந்தபடியே பயணி அதைப் படித்துவிட்டு இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும். பேருந்து நிற்கும் இடங்களை ஒப்பந்தத்துக்கு விடும் போக்குவரத்துக் கழகங்கள் இதை ஒரே ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும். மாஸ்டர் தன் பிளெக்ஸ் பலகையைச் சொந்தக் காசில் அடித்து வைத்திருக்கிறார், முட்டை விலை ஏறும்போதெல்லாம் எண்ணுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி மாற்றுகிறார். அந்த அளவு வேலையை மற்றவர்களும் செய்யட்டும்.